உருவிவிட்ட மறுநாள்

எண்ணெய் போட்டு உருவிவிட்ட மறுநாள் உடம்பு வலிக்கும் என்பது எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்த வலி எத்தனை நாள் இருக்கலாம், எது தானாகப் போய்விடும், எதற்கு நடுராத்திரியானாலும் வண்டி பிடிக்க வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "வலிச்சாத்தான் பிடிப்பு விட்டிருக்குன்னு அர்த்தம்" என்பார் ஒருவர். "கெட்ட நீர் இறங்குது, அப்படித்தான் இருக்கும்" என்பார் இன்னொருவர். நான் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். திங்கட்கிழமை காலையில் தோளைப் பிடித்துக்கொண்டு தைலமும் பனடோலும் கேட்டு வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், முதல் நாள் யாரிடமாவது உருவிக்கொண்ட கதை வெளியே வரும்.

மசாஜுக்கு எதிராக எழுத வரவில்லை. என் அம்மாயியே, அதாவது அம்மாவின் அம்மாவே, உருவிவிடுகிறவர்தான். கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளிலிருந்து மட்டுமில்லை, தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள். கழுத்துப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு, கெண்டைக்கால் இழுப்பு என்று வருகிறவர்களை பாயில் படுக்கவைத்து, நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகச் சுடவைத்து, பெருவிரலால் தடவித் தடவி முடிச்சு இருக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பார். காசு வாங்கமாட்டார். வெற்றிலை கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வார். அந்தக் கை எத்தனை பேரை நிமிர்ந்து நடக்க வைத்திருக்கிறது என்று பார்த்து வளர்ந்தவள் நான். அதனால்தான் இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்ற அக்கறையும் எனக்கு அதிகம்.

எங்கள் ஆட்களின் உடம்பு ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதில் ஒரு மர்மமும் இல்லை. கூடைக் கயிறு நெற்றியில் அழுத்த, பாரமெல்லாம் பின்கழுத்தில் இறங்கும். இப்போது பல தோட்டங்களில் கூடைக்குப் பதிலாகப் பை வந்துவிட்டது. ஆனால் சுமை சுமைதான். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று நாள் முழுக்க நிற்கிற இடுப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். ஆண்களுக்கு தேயிலைச் செடியை வெட்டுகிற கவ்வாத்து, வடிகால் தோண்டுகிற கான் வெட்டு, மண்ணைக் கிளறுகிற முள்ளுக் குத்து, முதுகில் மருந்து டேங்க். கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் தோட்டம் செய்கிறவர்களுக்கு கரட்டும் லீக்ஸும் கட்டிய மூட்டைகள். இவர்களுக்கெல்லாம் முதலில் தேவை ஓய்வு. காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்குப் போகாவிட்டால் பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, இல்லை. பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. ஓய்வு எடுக்க வழியில்லாததால்தான் உருவிக்கொள்கிறார்கள். உருவிய பிறகும் உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். ஞாயிறு சாயந்திரம் அழுத்திப் பிசைந்த அதே தோளில் திங்கள் காலையில் சுமை ஏறுகிறது. வலி கூடாமல் என்ன செய்யும்?

சரி, முதலில் சாதாரண வலியைப் பார்ப்போம். ஆழமாக அழுத்தும்போது தசையும் அதைச் சுற்றியுள்ள சவ்வும் கொஞ்சம் உரசல் படுகின்றன. வெகுநாள் கழித்து மண்வெட்டி பிடித்தால் மறுநாள் கை வலிக்குமே, கிட்டத்தட்ட அந்த மாதிரியான வலிதான் இது. அமெரிக்காவில் மசாஜ் செய்துகொண்ட 100 பேரிடம் விசாரித்து 2007இல் வெளியான ஒரு ஆய்வில், 10 பேர் தங்களுக்குச் சின்ன அளவில் அசௌகரியம் இருந்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலும் அது 12 மணி நேரத்துக்குள் தொடங்கி, ஒன்றரை நாளுக்குள் அடங்கிவிட்டது. பயிற்சி பெற்றவர்கள் கை வைத்தால் வருகிற கணக்கு அது. நம் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிற அளவுக்கு அழுத்துவதையே நல்ல வைத்தியம் என்று நினைக்கிறோம். அதனால் வலி கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். எப்படியானாலும், ஓரிரு நாளில் அது குறைந்துகொண்டே வர வேண்டும். நாளுக்கு நாள் கூடினால் அது வேறு சங்கதி.

இந்த வலிக்குப் பெரிய மருந்து எதுவும் தேவையில்லை. அன்றைக்கும் மறுநாளும் பாரம் தூக்காமல் இருங்கள். முடியாதவர்கள் அரைப்பேராவது கேட்டுப் பாருங்கள். அதற்காகப் படுத்தே கிடக்கவும் வேண்டாம். லயத்து வாசலில் மெதுவாக நடந்தால் தசை இறுகாது. வெந்நீரில் குளிக்கலாம், அல்லது துணியை நனைத்துப் பிழிந்து இளஞ்சூடாக ஒத்தடம் கொடுக்கலாம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். சூடு தெரியாமல் தோல் வெந்து, புண் ஆறாமல் விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒத்தடம் கொடுக்கும்போது சூட்டை வேறு ஒருவர் தன் முழங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். தாங்க முடியாத வலி என்றால் பெரியவர்கள் பெரசிட்டமோல் (பனடோல்) 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு எடுக்கலாம். ஆறு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். 24 மணி நேரத்தில் எட்டு மாத்திரைக்கு மேல் போகவே கூடாது. ஈரலில் கோளாறு உள்ளவர்களும் தினமும் குடிக்கிறவர்களும் டொக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

முக்கியமாக ஒன்று. உருவிய இடம் வலிக்கிறதென்று மறுநாளே அதே இடத்தை மறுபடி உருவக் கூடாது. பார்மசியில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். "நேத்து ஒருத்தர் உருவினாரு, சரியா எடுபடல, இன்னைக்கு வேற ஆள்கிட்ட போனேன்" என்பார்கள். முதல் ஆள் கொடுத்த உரசலே ஆறியிருக்காது, அதன்மேல் இன்னொரு கை. நாலைந்து நாளாவது விட்டுவிடுங்கள்.

தோல் கன்றிப்போய் நீலமாகத் தெரிந்தால், முதல் நாள் குளிர்ச்சி கொடுக்க வேண்டும். ஐஸ் தேடிக் கடைக்குப் போக வேண்டியதில்லை, மலை ஊற்றிலிருந்து வருகிற எங்கள் பீலித் தண்ணீரே போதுமான குளிர்ச்சி. துணியை நனைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுக்கலாம். தைலம் பூசிய இடத்தில் சூட்டு ஒத்தடம் வைக்காதீர்கள். கோடாலித் தைலமோ சித்தாலேபவோ யூக்கலிப்டஸ் எண்ணெயோ, காரமான எதுவானாலும் சூட்டோடு சேர்ந்தால் தோலைப் பொசுக்கிவிடும். பூசியதும் அரிப்பு, தடிப்பு வந்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

உருவி முடித்ததும் எழுந்திருக்கிற அந்த நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வெகுநேரம் படுத்து உடம்பு தளர்ந்திருக்கும்போது இரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கும். பிரஷர் மாத்திரை எடுக்கிறவர்களுக்கு இன்னும் இறங்கும். சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி உட்கார்ந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழ வேண்டும். அதோடு எண்ணெய்க் கால். எங்கள் பக்கத்துப் பழைய லயங்கள் பலவற்றில் கக்கூஸ் வெளியே, படி இறங்கிப் போக வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் படிகளில் பாசி பிடித்திருக்கும். உள்ளங்காலில் எண்ணெயோடு ராத்திரி படி இறங்கி, விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், வயதானவர்கள் திரும்ப எழுந்து நடப்பது பெரும்பாடு. காலை உருவினால் உள்ளங்காலைச் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் துடைத்துவிட்ட பிறகே அம்மாயி ஆளை எழுப்புவார். செருப்புப் போட்டாரா என்றும் பார்ப்பார். மசாஜுக்குப் பிந்திய கவனிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் இது.

கெட்ட நீர் இறங்குகிறது என்பதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அழுத்துவதால் உடம்பிலுள்ள நச்சு வெளியேறும், அதற்காக நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற நம்பிக்கை நுவரெலியா ஸ்பாக்களில் மட்டுமில்லை, லயத்திலும் இருக்கிறது. கழிவை வெளியேற்றுவது ஈரலும் சிறுநீரகமும்தான், உருவுகிற கையில்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், இஞ்சித் தேத்தண்ணீர் குடியுங்கள், நல்லதுதான். ஆனால் வாந்தி, காய்ச்சல், நடுக்கம் வந்தால் "நச்சு இறங்குது" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சாராயம் அன்றைக்கு வேண்டவே வேண்டாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எங்கள் வீடுகளில் இரண்டு வைத்தியம் நடக்கிறது. ஒன்று கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருக்கும், மற்றது பாயில் நடக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று சந்திப்பதேயில்லை. என்ன மாத்திரை குடிக்கிறோம் என்று உருவிவிடுகிறவரிடம் சொல்வதில்லை. உருவிக்கொண்டதை டொக்டரிடம் சொல்வதில்லை, ஏசுவார் என்று பயம். இந்த மௌனம்தான் எண்ணெயையும் அழுத்தத்தையும் விட ஆபத்தானது.

ஒருநாள் ஒரு ஐயா கடைக்கு வந்தார். தோள் வலிக்கு இன்னும் காரமான தைலம் இருக்கிறதா என்று கேட்டார். கம்பளிச் சட்டையின் கையை மடித்துக் காட்டியபோது, தோளிலிருந்து முழங்கை வரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. யாரோ உருவியிருக்கிறார்கள். அதன்மேல் நாலைந்து நாளாக, மூக்கைத் துளைக்கிற வாசத்தோடு ஒரு தைலத்தை வேளைக்கு ஒரு தடவை தேய்த்திருக்கிறார். "என்ன மாத்திரை குடிக்கிறீங்க ஐயா?" என்று கேட்டேன். "அது நெஞ்சுக்கு. இதுக்கும் அதுக்கும் என்ன மகள் சம்பந்தம்?" என்றார். பையிலிருந்த கொப்பியை வாங்கிப் பார்த்தால் வார்ஃபரின். இதய வால்வு ஒப்பரேஷன் செய்தவர். இரத்தம் கட்டிப்போகாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை அது. அதை எடுக்கிறவரின் தசையை அழுத்தினால், உள்ளே சின்னதாகக் கசிகிற இரத்தமும் சீக்கிரம் நிற்காது. போதாததற்கு, அவர் தேய்த்த தைலத்தில் மெதைல் சலிசிலேட் என்ற வலி மருந்து இருந்தது. அது தோல் வழியாக உள்ளே போகக்கூடியது. அதிகமாகப் பூசினால் வார்ஃபரினின் வேலையைக் கூட்டிவிடும். அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரத்தம் உறைகிற நேரத்தைப் பரிசோதித்து, மாத்திரையின் அளவை மாற்றி, வார்டில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அஸ்பிரின், குளோபிடோக்ரல் எடுக்கிறவர்களுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. வார்ஃபரின் அளவுக்கு இல்லாவிட்டாலும், சுலபமாகக் கன்றும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டு உருவிக்கொள்ளப் போகாதீர்கள். அது இன்னும் மோசம்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊசி போட்ட இடத்தை அன்றைக்கு உருவ வேண்டாம். மருந்து வேகமாக இரத்தத்தில் கலந்து சர்க்கரை இறங்கிவிடும். வெறும் வயிற்றோடும் உருவிக்கொள்ள உட்கார வேண்டாம்.

காலுக்கு வருவோம். எங்கள் லயத்தில் ஒரு தங்கச்சிக்கு வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்திருந்தார்கள். பிள்ளை பிறந்து சில வாரம் இருக்கும். இடது கெண்டைக்கால் வலிக்கிறது, கொஞ்சம் உருவிவிட்டால் தேவலை என்று மாமியார் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். அம்மாயி எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடவில்லை. இரண்டு காலையும் பாயில் நீட்டச் சொன்னார். புறங்கையை இரண்டு கெண்டைக்காலிலும் மாறி மாறி வைத்துப் பார்த்தார். தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து, முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளி, முதலில் வலது காலைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டார். அதே நூல் இடது காலைச் சுற்றி வரவில்லை, இரண்டு விரற்கடை குறைந்தது. "ரெண்டு காலும் வீங்கினா அது வேற கதை. ஒத்தக் கால் வீங்கிச் சுட்டா நான் கை வைக்கமாட்டேன் புள்ள. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். மாமியாருக்குக் கோபம். அம்மாயி அசையவில்லை. சின்ன வயதில், வீங்கிய காலை உருவிய பிறகு எழுந்து நடந்த ஒரு பெண் மூச்சு முட்டிச் செத்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். காரணம் அவருக்குத் தெரியாது, ஆனால் காட்சியை மறக்கவில்லை.

காரணம் இதுதான். காலின் உள் நரம்பில், அதாவது ஆழத்து இரத்தக் குழாயில், இரத்தம் கட்டியாக உறைந்திருக்கும். அதை அழுத்தி உருவினால் கட்டி பெயர்ந்து, இதயம் வழியாக நுரையீரலில் போய் அடைத்துவிடலாம். கர்ப்ப காலத்திலும், பிள்ளை பெற்ற முதல் ஆறு வாரத்திலும், ஒப்பரேஷனுக்குப் பிறகும், கால் முறிந்து மாக்கட்டு போட்டுப் படுத்திருந்தாலும், புற்றுநோய் இருந்தாலும் இப்படிக் கட்டி வருகிற வாய்ப்பு அதிகம். டொக்டர்மாரும் இதைச் சந்தேகித்தால் இரண்டு கெண்டைக்காலையும் அளந்து பார்க்கிறார்கள். வித்தியாசம் 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அதை ஒரு முக்கிய அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். அம்மாயியின் நூலும் அதைத்தான் சொன்னது. ஸ்கேன் செய்து, கட்டி இருப்பதை உறுதிப்படுத்தி, அந்தத் தங்கச்சிக்கு ஊசியும் பிறகு மாதக்கணக்கில் மாத்திரையும் கொடுத்தார்கள். நன்றாக இருக்கிறாள். காலை உருவிய பிறகு ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, சிவந்து சுட்டாலோ, மறுபடி உருவக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. நெஞ்சு குத்தி மூச்சு வாங்கினால், இருமலில் இரத்தம் வந்தால், ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம், 1990க்குப் போன் பண்ணுங்கள். அந்த எண்ணில் வருகிற சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கொழுந்து லொறிக்காகக் காத்திருந்து உயிர் போன காலத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கழுத்து விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. உருவலாம், மெதுவாகப் பிசையலாம். ஆனால் தலையைச் சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுக்க யாரையும் விடாதீர்கள். சலூனில் முடி வெட்டி முடித்ததும் தாடையையும் பின்தலையையும் பிடித்து ஒரு திருப்புத் திருப்புவார்களே, அதைச் சொல்கிறேன். கழுத்தெலும்புகளின் பக்கவாட்டில் உள்ள சின்னத் துளைகள் வழியாக இரண்டு இரத்தக் குழாய்கள் மூளையின் பின்பகுதிக்கு ஏறுகின்றன. வேகமாகத் திருப்பும்போது அதன் உள்சுவர் கிழிந்து, அங்கே இரத்தம் கட்டி, பக்கவாதம் வரலாம். அபூர்வமாகத்தான் வரும், ஆனால் வருகிறவர்களில் இளவயதினரும் இருக்கிறார்கள். பார்லரில் கழுத்தைப் பின்னால் சாய்த்துத் தலை கழுவியதற்கே பக்கவாதம் வந்த பெண்களைப் பற்றி 1993இல் ஒரு அமெரிக்க நரம்பியல் வைத்தியர் எழுதினார். அடையாளங்கள் அன்றைக்கே வரலாம், சில நாள் கழித்தும் வரலாம்: முன்பு இல்லாத மாதிரி பின்கழுத்திலும் தலையிலும் வலி, தலைசுற்று, ஒன்று இரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறல், வாய் கோணல், நடை தள்ளாட்டம். உறைந்த இரத்தத்தைக் கரைக்கிற மருந்தை அடையாளம் தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மேல் டிவிஷனிலிருந்து டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ போகிற பாதையை நினைத்துப் பாருங்கள். "காலையில பார்ப்போம்" என்பதற்கு இதில் இடமேயில்லை.

முதுகு வலிக்குப் பிள்ளையை ஏற்றி மிதிக்கச் சொல்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. திடகாத்திரமான ஆளுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், வீசிங்குக்காக வருஷக்கணக்கில் பிரெட்னிசலோன் குடித்தவர்களுக்கும் எலும்பு பலமிழந்திருக்கும். மிதித்த பிறகு மூச்சை இழுக்கும்போதும் இருமும்போதும் ஒரே இடத்தில் சுரீரென்று குத்தினால் விலா எலும்பு போயிருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இடுப்பை உருவிய பிறகு கால் மரத்து பலம் குறைந்தால், சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தெரியாமல் போனாலோ, உட்காருகிற இடத்தில் உணர்ச்சி இல்லாவிட்டால், தண்டுவட நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். வெட்கப்பட்டு மறைத்தால் கால் நிரந்தரமாகப் போய்விடும்.

அப்புறம் சிறுநீரின் நிறம். கடுமையாக, வெகுநேரம் உருவிய பிறகு உடம்பெல்லாம் தாங்க முடியாமல் வலித்து, சிறுநீர் கறுப்புத் தேத்தண்ணீர் மாதிரி போனால், தசை உடைந்து அதிலிருந்து வருகிற பொருள் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கொலஸ்ட்ரோலுக்கு அட்டோவஸ்டட்டின் எடுக்கிறவர்களும், வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்களும் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இதற்கு வீட்டில் மருந்தே இல்லை.

வயிறும் நெஞ்சும் உருவுகிற இடமேயில்லை என்பது என் கருத்து. குடல் ஏறிவிட்டது என்று அழுத்துகிற வயிற்றில் அப்பென்டிக்ஸ் வீங்கியிருக்கலாம். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகர்கிற வலியைத் தொடவே கூடாது. வாய்வுப் பிடிப்பு என்று நெஞ்சையும் இடது கையையும் தைலம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போனவர்கள் உண்டு. வேர்த்துக் கொட்டினால் தைலத்தைத் தேட வேண்டாம். கர்ப்பிணியின் வயிற்றை, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, திருப்புகிறேன் என்று யாரும் பிடிக்கக் கூடாது. நச்சுக்கொடி கழன்றால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள், அவர் வழி காட்டுவார்.

கைக்குழந்தையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை மாதத்து விடியலில் தேயிலை மேல் உறைபனி விழும். அந்தக் குளிரில் பிள்ளையை அம்மணமாக வைத்து வெகுநேரம் எண்ணெய் தேய்த்தால் உடம்புச் சூடு இறங்கிவிடும். தேங்காயெண்ணெயை இதமாகத் தடவலாம், அது தோலுக்கு நல்லது. அறையைச் சூடாக்கி, கதவைச் சாத்தி, சீக்கிரம் முடித்து, துடைத்து, தொப்பியும் காலுறையும் போட்டு அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துவிடுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றுகிறதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் இருமியும் வெளியே வராது. ஆறாத நியூமோனியாவாக மாறிவிடும். கற்பூரம் கலந்த தைலம் எதையும் இரண்டு வயதுக்குக் கீழ் பூச வேண்டாம். வலிப்பு வரலாம்.

கேட்க இவ்வளவு இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். நடைமுறையில் ரொம்பச் சுருக்கமானது. உருவிக்கொள்ளப் போகும்போது கிளினிக் கொப்பியையும் கையில் கொண்டு போங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டியானாலும் பரவாயில்லை, "இரத்தம் கட்டாம இருக்க மாத்திரை குடிக்கிறேன், சர்க்கரை இருக்கு, போன மாசம் விழுந்தேன், காய்ச்சல் இருக்கு" என்று வாயால் சொல்லுங்கள். அழுத்தம் தாங்கவில்லையென்றால் அங்கேயே சொல்லுங்கள். மரியாதைக்காகத் தாங்கிக்கொள்வதில் உடம்புக்கு லாபமில்லை. கிளினிக் போகிற நாளில், "இந்த மாசம் ரெண்டு தடவை உருவிக்கிட்டேன்" என்று டொக்டரிடமும் சொல்லுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியிலும் சொல்லலாம். ஏசினால் ஏசட்டும். வெதமாத்தயாவிடம், அதாவது நாட்டு வைத்தியரிடம், போகிறவர்கள் அவர் ஆயுர்வேதப் பதிவு பெற்றவரா என்று கேட்கலாம், அது உங்கள் உரிமை. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் அந்தப் பதிவு நடக்கிறது.

உருவிவிடுகிறவர்களின் உடம்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அம்மாயிக்கு இப்போது பெருவிரலின் அடிமூட்டில் வலி. போத்தல் மூடியைத் திறக்கவே கஷ்டப்படுகிறார். வாழ்நாளெல்லாம் கொழுந்து கிள்ளிய விரல், அதோடு ஊரையெல்லாம் உருவிய விரல். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிற மிஸ் ஒருவர், பெருவிரலைக் குத்தாமல் முன்கையாலும் உள்ளங்கையாலும் எப்படி அழுத்தம் கொடுக்கலாம் என்று காட்டிக்கொடுத்தார். நகத்தை ஒட்ட வெட்டுவது, ஒவ்வொருவரையும் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, சொறி சிரங்கு உள்ளவர்களை ஆறிய பிறகு வரச் சொல்வது எல்லாம் ஏற்கெனவே அவர் செய்துவந்ததுதான். புதிதாகச் சேர்ந்தது ஒன்று: கை வலிக்கிற வாரத்தில் யார் வந்து கூப்பிட்டாலும், "இந்த வாரம் என்னால முடியாது, அடுத்த வாரம் வா" என்று சொல்லிவிடுகிறார். சிலருக்கு வருத்தம். கோபித்துக்கொண்டவர்களும் அடுத்த வாரம் வெற்றிலையோடு வருகிறார்கள்.